டிரைவர் பக்கத்துக் கை

"கையைப் பாத்தியா, பாக்கலியா? அத மட்டும் சொல்லுய்யா."

எஸ்.ஐ. தீர்த்தகிரி மேஜையைத் தட்டிக் கேட்டார். எதிரே நின்ற சென்னப்பன் புளி உலுக்குகிறவன். நாலு நாளைக்கு முன்னால் கடத்தூர் ரோட்டில் கார் லாரியில் மோதியபோது, ரோட்டோரப் புளியமரத்தின் மேலே இருந்தவன்.

"பாத்தனுங்க. பஸ்ஸு மெதுவா போயிட்டிருந்துச்சு. பின்னாலயே ஒரு வெள்ளைக் காரு ஆரன் அடிச்சிக்கிட்டே வந்துச்சு. பஸ்ஸுல டிரைவர் பக்கம் ஒரு கை வெளிய வந்து வீசுச்சுங்க. காரு முந்துச்சு. எதுக்க லாரி வந்துடுச்சு."

"கை காட்டுனவன் மூஞ்சி?"

"கெளை மறைச்சுதுங்க. கை மட்டுந்தான் தெரிஞ்சுது."

அந்தக் குறுகலான ரோட்டில் ஆரனை மட்டும் நம்பி யாரும் முந்துவதில்லை. முன்னால் போகிற வண்டியின் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி முன்பக்கம் வீச வேண்டும். அப்போதுதான் பின்னால் வருகிறவன் துணிந்து ஏறுவான். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். ஆனால் கை காட்டிவிட்டால், அப்புறம் நடப்பதெல்லாம் காட்டியவன் தலையில்தான் விடியும்.

"முனியப்பன் சத்தியமா நான் காட்டலீங்க" என்றார் பஸ் டிரைவர் நஞ்சப்பன். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியில் வந்திருந்தார். "லாரி வர்றது எனக்குத் தெரியுது. எப்படிங்க காட்டுவேன்? ரெண்டு கையும் ஸ்டேரிங்ல இருந்துச்சு."

"அப்ப எம் மவன் தானாப் போயி லாரியில முட்டிக்கிட்டானா?" காரில் செத்தவனின் அப்பா அருள்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "பெங்களூருல மூணு வருசம் டாக்சி ஓட்டுனவன்யா அவன்."

தீர்த்தகிரி நாற்காலியில் சாய்ந்தார். ஜட்ஜாகப் போயிருக்க வேண்டியவர் என்று அவருக்கே ஓர் எண்ணம் உண்டு. "ஒண்ணு, இவன் கை காட்டியிருக்கணும். இல்ல, உம் மவன் கண்ண மூடிக்கிட்டு முந்தியிருக்கணும். மூணாவதா ஒண்ணு கெடையாது."

சுவரோரப் பெஞ்சில் இசபெல்லா உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன அருள்நாதனின் மனைவி. கல்யாணமாகி ஏழே மாதத்தில், நிலத் தகராறில் அப்பனோடு முறைத்துக்கொண்டு கிளம்பியவன் அவன். போனவனிடமிருந்து வந்தது ஒரே ஒரு இன்லேண்டு லெட்டர். 'சொந்தமா வெள்ளைக் கார் வாங்கிக்கிட்டுத்தான் வருவேன், அதுவரைக்கும் தேடாதே' என்று நாலு வரி. அவள் தேடினாள். கடத்தூர்ச் சந்தையில், மாதா கோயில் திருவிழாவில், எங்கே வெள்ளைக் கார் நின்றாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஊர் சிரித்தது. அவளுக்கு வெட்கமாக இல்லை. அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"பாவம்யா இந்தப் பொண்ணு" என்றார் ஏட்டு. "சேதி சொல்ல ஆள் அனுப்பறதுக்குள்ள, ஸ்பாட்டுல வந்து காருகிட்ட நின்னுட்டிருந்துச்சு. பொண்டாட்டி மனசுக்கு எப்படித்தான் தெரியுமோ."

இசபெல்லா நிமிர்ந்தாள். "சார், அவரு வூட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாருங்களா?"

தீர்த்தகிரியின் குரல் இறங்கியது. "கார் அவன் பேருலதாம்மா இருக்கு. வாங்கிப் பத்து நாளாவுது. அந்த ரோட்டுல வேற எங்க போவப் போறான்?"

அவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறான். அழுகையை அடக்க அவளால் முடியவில்லை.

எழுதிய தாளை ஏட்டு அவள் முன்னால் வைத்தார்.

"பஸ் டிரைவர் கை காட்டுனதாலதான் விபத்துன்னு எழுதியிருக்கு" என்றார் தீர்த்தகிரி. "நீ கையெழுத்துப் போட்டா இவன் வேலையும் போவும், ஜெயிலுக்கும் போவான். போடலைன்னா, தப்பு உம் புருசன் மேலன்னு எழுதிக் கேஸை மூடிடுவேன்."

"போடும்மா" என்றார் அருள்சாமி. "செத்தவன் மேல பழி வுழக் கூடாது."

நஞ்சப்பன் அவள் அருகில் வந்து நின்றார். காலில் விழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு நாளா யோசிக்கறேன், தங்கச்சி. ஒருவேளை நாந்தான் மறந்தாப்புல காட்டிட்டனோன்னு இப்பல்லாம் தோணுது. சோத்துல கை வெச்சா அந்தக் காருதான் நெனப்பு வருது. நீ போட்டுரும்மா. எனக்கே எம் மேல நம்பிக்கை போயிடுச்சு."

இசபெல்லா பேனாவை எடுத்தாள். அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"வேணாம் மாமா. உங்க மவன் மேலயும் தப்பில்ல, இவர் மேலயும் தப்பில்ல."

"அப்ப பஸ்ஸுலருந்து கை வந்தது பொய்யா?" என்றார் தீர்த்தகிரி.

"கை வந்தது நெசந்தாங்க." என்றாள் இசபெல்லா. "அன்னிக்கு தர்மபுரியிலருந்து அதே பஸ்ஸுல, இவருக்குப் பின் சீட்டுல, ஜன்னலோரமா நான் வந்துட்டிருந்தேன். ஆரன் சத்தம் கேட்டுத் திரும்புனா, காருக்குள்ள அவரு மூஞ்சி. எதுக்க லாரி வர்றது எனக்குத் தெரியலீங்க, கைய நீட்டி வா வான்னு கூப்புட்டேன். டிரைவர் கைன்னு நெனச்சாரோ, எங் கைன்னு தெரிஞ்சுதோ, கூப்புட்டதும் வந்துட்டாருங்க."