திரையில் நாற்பது

"மழையில நனைஞ்சுக்கிட்டே, மழை வருமான்னு போன்ல பாக்கானுவ" என்று இந்தக் காலத்து ஆட்களை வைதுகொண்டேதான் மோட்டார் பார்க்கும் கிழவர் சவரிராயன் தினமும் ஐஸ் கம்பெனிக்குள் நுழைவார். அன்று காலை மோட்டாரின் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பொறுக்க முடியாத சூடு. மோட்டாரை இயக்கும் கம்ப்யூட்டரின் திரையோ வேகம் நாற்பது, எல்லாம் சரி என்றது. மேனேஜர் அந்தோணிராஜ் கத்தக் கத்த, கிழவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். துறையில் படகுகள் ஐஸுக்குக் காத்துக் கிடந்தன.

"நாளையில இருந்து நீரு வர வேண்டாம்வே" என்றார் மேனேஜர்.

மதியம் வந்த இன்ஜினியர் பெண் கம்ப்யூட்டரை வெகுநேரம் துருவிப் பார்த்தாள். "வைரஸ் சார். மோட்டாரை எழுபதுல ஓட விட்டுட்டு, திரையில நாற்பதுன்னு பொய் காட்டியிருக்கு. தாத்தா நிறுத்தலேன்னா மோட்டார் கருகியிருக்கும்."

மேனேஜர் கிழவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நேரத்தோட வந்துரும்வே."

வேலை தப்பியதில் கிழவருக்குச் சந்தோஷம்தான். அந்தக் காரணம்தான் நம்பும்படி இல்லை. "பொட்டிக்குள்ள இருக்க கிருமி, இரும்ப எப்படிம்மா எரிக்கும்?"

"அது எரிக்க வேண்டாம் தாத்தா. வேகமா ஓடுன்னு மோட்டார்கிட்ட சொன்னா போதும்."

"முப்பது வருசமா நானும் சொல்லிப் பாக்கேன். ஒரு நாளாவது எஞ்சொல்லக் கேட்டுருக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். கிழவர் சிரிக்கவில்லை. ஆறிப்போன மோட்டாரைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். "பேரிங்குல கிரீஸ் இல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடிக்க நடந்தார்.