இறங்காத வண்டி

“யாரைக் கேட்டு வண்டியை இப்படித் தூக்கி வச்சே?”

வெளியூரிலிருந்து வந்தவன் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. மனைவி மேல் பாய்ந்தான்.

அப்பாவின் ஜீப் வாசலில் ஒட்டகம் மாதிரி நின்றது. முன்பெல்லாம் பட்டனை அழுத்தினால் காற்றை விட்டுவிட்டு அடக்கமாகத் தணியும், அம்மா ஏறிக்கொள்வாள். இப்போது ஒரு பெருமூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். “ஐயோ, முட்டி!” என்று இறக்கிவிட்டாள்.

“காட்டுப் பாதையில அடி தட்டுதுன்னு மாமாதான் சொன்னார். ஒர்க்‌ஷாப்ல சொல்லி உயரத்தைக் கூட்டினேன்,” என்றாள் மனைவி.

“தட்டுதுன்னு சொன்னா மாடி கட்டிடறதா?” என்றார் அப்பா, சாவியைச் சுழற்றியபடி. “நாளைக்கு மலைக்குக் கிளம்பணும்டா.”

“நீங்க மட்டும் போய்ட்டு வாங்களேன்,” என்றாள் அம்மா.

“நீ இல்லாம நான் என்னைக்கு வண்டி எடுத்திருக்கேன்? வழியெல்லாம் யாரோட சண்டை போடறது?”

அவன் மனைவியை முறைத்தான். “அம்மாவால ஏற முடியாதுன்னு தெரிஞ்சேதானே செஞ்சே?”

அவள் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டான்.

“உயரம் பார்க்கிற சென்சார்ல கம்பியைக் குட்டையா மாத்தியிருக்கேன் சார். வண்டி தாழ்ந்திருக்குன்னு நெனச்சு அதுவா ஏறிக்கும். பழைய கம்பியெல்லாம் பின்சீட்டுக்கு அடியில கிடக்கு. மாட்டினா இறங்கிடும்.”

“இப்பவே மாட்டறேன்பா!” என்றான் அப்பாவிடம்.

“அப்படிச் சொல்லு! முடிச்சதும் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்.” அப்பா ஷூ மாட்ட உள்ளே ஓடினார்.

ஸ்பானர் எடுக்கப் போனவன் வண்டியின் மறுபக்கமாக வந்து, சக்கரத்தருகே குந்தினான்.

“அத்தை, மாமா உள்ள போயாச்சு. சீக்கிரம்!” மனைவியின் குரல்.

வண்டிக்கு அடியில் தெரிந்த அம்மாவின் பாதங்கள் இரண்டும் ஒரே எம்பில் மேலே போய் மறைந்தன.

அவன் சுற்றி ஓடி வந்தபோது, அம்மா பழைய கம்பிகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு குதித்து இறங்கினாள்.

“என்னம்மா இது? முட்டி வலின்னியே!”

“கத்தாதேடா.” அம்மாவின் கண் வாசற்கதவிலேயே இருந்தது. “போன வாரம் ரோட்டைத் தாண்டின பொண்ணு ஒருத்தி உங்கப்பா கண்ணுல படவே இல்லை. நான் அலறினதுல வண்டி நின்னுது. ஓட்டவே கூடாதுன்னு கண் டாக்டர் சொல்லியாச்சு. அவனுக்கு என்ன தெரியும்ங்கறார் இவர்.”

“அதுக்கு எதுக்கு இவ தலையில பழி?”

“நானேதான் கேட்டு வாங்கிக்கிட்டேன்,” என்றாள் மனைவி.

“என்னடா, இறங்கிடுச்சா?” உள்ளேயிருந்து அப்பா.

“நேரா அவர்கிட்டயே சொல்லிட வேண்டியதுதானேம்மா?”

அவன் கையிலிருந்த ஸ்பானரை அம்மா வாங்கிக்கொண்டாள்.

“கண்ணு போச்சுன்னு சொன்னா அவர் ஒடிஞ்சு போயிடுவார்டா. எனக்கு முட்டி போச்சுன்னா, எனக்காக விட்டுடுவார்.”