நவம்பர் வரைக்கும் வரும் களிம்பு

கன்னத்தில் ஒரு துளி ரத்தமில்லை.

ஏனோஸ் சின்னக் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் முகம் முதல்முறையாக அவன் சொல்பேச்சுக் கேட்டிருந்தது.

"வண்டி பூட்டியாச்சு. இன்னிக்கு மாப்பிள்ளை நீயா, அந்தப் பையனா?" முன்கட்டிலிருந்து அக்கா மேட்டியின் குரல் வந்தது.

"இரு அக்கா. கடைசி வேலை பாக்கி."

வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் போட்டு நூறு எண்ணியாயிற்று. கத்தியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு; திரும்ப ஏறக் கூடாது. பிறகு பம்பில் அடித்த குளிர்ந்த தண்ணீர். துண்டால் ஒற்றலாம், தேய்க்கக் கூடாது. கடைசியாகப் பட்டாணி அளவு களிம்பை உள்ளங்கைச் சூட்டில் உருக்கி ஒரு பூச்சு.

இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

அதுவும் தானாக வந்ததுதான். போன மாதம் பால் கறந்துவிட்டு, வெடித்த காம்புக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது கன்னத்தில் ஈ உட்கார்ந்தது. அதே கையால் தட்டிவிட்டான். சாயங்காலம் பார்த்தால் அந்த இடம் மட்டும் அடங்கியிருந்தது. கடைக்காரன் கொடுத்த மருந்துத் தண்ணீரும் வினிகரும் செய்யாததை மாட்டு மருந்து செய்திருந்தது.

அவர்கள் சபையில் அவன் வயதுக்காரர்கள் யாருக்கும் இந்தப் பாடு கிடையாது. கல்யாணத்தன்று கத்தியைக் கீழே வைத்தால் சரி, கன்னத்துக்கு விடுதலை. மேலுதட்டை மட்டும் மழித்துக்கொண்டு, தாடியை நெஞ்சுவரை வளர விட்டுவிடுவார்கள். ஜெபக் கூட்டத்தில் கல்யாணமாகாத இருபது வயதுப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் மழுமழுவென்று உட்கார்ந்திருப்பவன் ஏனோஸ் ஒருவன்தான்.

மேட்டி உள்ளே வந்தாள். தம்பியின் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவள் விரலில் செலரிக் கீரை வாசனை. இரண்டு நாளாகக் கல்யாண வீட்டில் அதைத்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, முட்டையை உரிச்ச மாதிரி இருக்கு. என்னத்தப் போட்ட?"

டப்பாவைக் காட்டினான். மூடியில் ஒரு பசு மாடு.

மேட்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அடப்பாவி, மடிக்குத் தடவுறதையா மூஞ்சிக்குத் தடவுன?"

அவனும் சிரித்தான். "லவீனா அன்னிக்கே சொன்னா, அக்கா. நான்தான் கேக்கல. இன்னிக்கு அவளைப் பாத்து, நீ சொன்னது சரிதான்னு சொல்லணும்."

லவீனாவின் கடைசி மகளுக்குத்தான் இன்று கல்யாணம்.

"அவ எப்படா சொன்னா?"

முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய செப்டம்பர். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் கூட்டம் முடிந்து, பிள்ளைகள் கொட்டில் வாசலில் நின்றிருந்தார்கள். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் லவீனாவை வீட்டில் கொண்டுபோய் விடுவது ஏனோஸின் வண்டிதான். அன்று அவள் பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து, எல்லோர் முன்னாலும் அவன் கையில் வைத்தாள்.

மாட்டுப் படத்தை எவனோ பார்த்துவிட்டான். "டேய் ஏனோஸ், நாளையிலேருந்து உன்னையும் வரிசையில நிறுத்திக் கறப்பாங்கடா."

கொட்டிலே சிரித்தது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த முகம். "உங்க வீட்டு மாட்டுக்கே தடவிக்க" என்று டப்பாவைத் திருப்பி அவள் கையில் திணித்துவிட்டு, தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு வருஷம் பொறுத்து அவள் பக்கத்து வட்டாரத்தில், பெண்டாட்டியை இழந்த ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

"குடுக்கும்போது ஏதாவது சொன்னாளா?" என்றாள் மேட்டி, தொப்பியின் நாடாவை முடிந்துகொண்டே.

"சொன்னா. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. 'இது நவம்பர் வரைக்கும் வரும். அப்புறம் உனக்கு இது வேண்டியிருக்காது'ன்னா. ரெண்டே மாசத்துல குணமாயிடுமாம். மாட்டு மருந்துமேல என்ன ஒரு பெருமை பாரு."

மேட்டியின் விரல்கள் நாடாவிலேயே நின்றுவிட்டன.

"அந்த வருஷம் அவங்கம்மா தோட்டத்துல நாலு வரிசை செலரி போட்டிருந்தாங்க" என்றாள். "அத்தனை செலரி போட்டா கல்யாண விருந்துக்குத்தான்னு ஊருக்கே தெரியும். நம்ம ஊர்ல கல்யாணம்னா அறுப்பு முடிஞ்சு நவம்பர்லதானே. எவன் மாப்பிள்ளைன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். ஒருத்தனும் வரல. கடைசியில வெட்டி மாட்டுக்குப் போட்டாங்க."

ஏனோஸ் டப்பாவை மூடப் போனான். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்து மறுபடி வைத்தான்.

செப்டம்பர். அக்டோபர். நவம்பர்.

அக்கா அவன் கண்ணைப் பார்க்கவில்லை. மோவாய்க்குக் கீழே, நெஞ்சுப் பக்கம், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் குதிரை குளம்பைத் தட்டியது.

"இன்னிக்கு அவகிட்ட எதையும் சொல்லிக்கிட்டிருக்காதடா" என்றாள். "என்ன?"

அவன் தலையாட்டினான். கோட்டை மாட்டும்போது கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

வழுவழுவென்று இருந்தது.