இன்னொரு ஊசி

“இன்னொரு ஊசினு யாராச்சும் கிட்ட வந்தா மரியாத கெட்டுப்போகும், ஆமா!”

ஆறாம் படுக்கையிலிருந்து சுந்தரபாண்டியன் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. சிவகிரிக்காரர், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். ரவுடிகளை ஓட ஓட விரட்டியவராம். ஐந்தருவியில் மூன்று மணி நேரம் நின்று காய்ச்சலை வாங்கிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல், ஊசியைக் கண்டால் மட்டும் மீசை தொங்கிவிடும்.

உள்ளே வரவிருந்த நர்ஸ் ஷாரோன் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கேட்க வந்ததே இன்னொரு ஊசிதான்.

எல்லாம் காலையில் வந்த வினை. “என் எட்டு மாசப் பிள்ளகூட தடுப்பூசிக்கு இப்படித் துள்ளாது ஐயா. இன்னும் தாய்ப்பால்கூட மறக்கல அவன்” என்று சிரித்துக்கொண்டே அவர் இடது கையில் ஊசி போட்டாள். உருவும்போது மனுஷன் கையை வெடுக்கென்று இழுக்க, அதே ஊசி அவள் பெருவிரலில் ஏறிவிட்டது. அவர் படுக்கைக்கு எதிரே இருந்த குழாயில் வெகுநேரம் விரலைக் கழுவினாள்.

“நோய் தொத்தாம இருக்க மொத மாத்திரைய முழுங்கிட்டியா, சரி” என்றாள் சீனியர் நர்ஸ் ஞானபாக்கியம். “ஒரு மாசம் முழுங்கணுமா, இதோட விடலாமானு அவரு ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும். எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை எல்லாம் பாக்கணும். அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்காத. போயி சம்மதம் கேளுட்டி.”

“‘எச்.ஐ.வி. டெஸ்டா, எனக்கா?’னு பாய்வாரு அக்கா!”

“பாஞ்சா பாயட்டும். கேளு.”

ஷாரோன் போனாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. பிரஷர் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த தடவை படுக்கை காலி, ஐயா டீ குடிக்கப் போயிருந்தார். மூன்றாவது தடவை அவர் வலது கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒதுக்கிவிட்டு மறுபடியும் பிரஷர் பார்த்தாள்.

“ஏம்மா, எனக்குப் பிரஷரா, ஒனக்கா?” என்றார் அவர்.

“இட்லி நல்லாருந்துதா ஐயா?” என்று கேட்டுவிட்டு ஓடி வந்தாள்.

மதியம் புருஷன் ஜெபசிங் போன் பண்ணினான். “பவுடர் பாலத் துப்புதான் ஷாரோன். அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு. எப்ப வருவ?”

மார்பு கனத்து வலித்தது. வருவது வரட்டும் என்றுதான் இப்போது வாசல்வரை வந்திருந்தாள். அந்தச் சத்தத்தையும் தாண்டி உள்ளே போனாள்.

“ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க ரத்தம்... ஒரே ஒரு ஊசி...” சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

சுந்தரபாண்டியன் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். லேப் ரிப்போர்ட். அவர் பெயர், இன்றைய தேதி. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை, ஒன்று விடாமல் எல்லாம் ‘நெகட்டிவ்’.

“நீ வெரலக் கழுவுனப்பவே மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். டீ குடிக்கப் போறேம்னு லேபுக்குத்தான் போனேன். ஒரு நாளைக்கு ரெண்டு குத்துக்கு மேல எனக்குத் தாங்காது.” மீசையைத் தடவிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போயி பிள்ளைக்குப் பாலக் குடு, தாயி.”