கிலுக்கன்

அந்தக் காட்டில் கிலுக்கனைப் பார்த்தவர்கள் யாருமில்லை. ஆனாலும் அது உலவுகிற சுனைப் பக்கம் ஒருவரும் போவதில்லை. தினமும் அங்கே தண்ணீர் குடித்துவந்த முள்ளம்பன்றிகூடப் பயந்து போவதை நிறுத்திவிட்டது.

கோடையில் நாக்கு வறண்டதும், பெயருக்கு அர்த்தமாவது தெரியட்டும் என்று முள்ளம்பன்றி காட்டெருமையிடம் கேட்டது.

“மரத்தளவு உயரம் என்று அர்த்தம். முயல்தான் சொன்னான்” என்றது காட்டெருமை.

முயலைத் தேடிப் போய்க் கேட்டால் அதுவோ, “உயரமெல்லாம் நான் சொல்லவில்லை. சுனையருகே பின்னால் கிலுகிலுவென்று சத்தம். திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன். அதனால் கிலுக்கன்” என்றது.

முள்ளம்பன்றிக்கு உடம்பு சிலிர்த்தது. முட்கள் கிலுகிலுத்தன. முயல் கண்ணை மூடிக்கொண்டது.

“பயப்படாதீங்க அண்ணே, நான்தான்.”

இருவரும் சிரித்தபடி போய்க் காட்டெருமையிடம் சொன்னார்கள். அது நம்பவில்லை. “கிலுக்கனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீயாவது, கிலுக்கனாவது” என்றது.

இருவரும் சுனைக்குப் போய் வயிறு நிறையக் குடித்தார்கள். சற்று நேரத்தில் புதருக்குள்ளிருந்து காட்டெருமை தலையை நீட்டியது.

“அது போய்விட்டதா?”

“இப்போதுதான் போனது, அண்ணே” என்று முள்ளம்பன்றி நகர்ந்து இடம் விட்டது.