கன்னத்துக்கு மதிப்பெண்

நகைக்கடை வாசல் கேமரா திங்கள்தோறும் விற்பனைப் பெண்களின் கன்னத்துக்கு மதிப்பெண் போடும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் கதவு திறக்காது. பவதாரணிக்கோ முகமெல்லாம் பழைய பருத்தழும்பு; மதிப்பெண் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது.

"தழும்பு போக்குற இந்த ஊசி ரோலரைக் கன்னத்துல ஒரு தடவ ஓட்டினா ஆறு வாரம் விடணும்மா. ரணம் காயாம திரும்பத் திரும்பக் குத்தினா தோலு கருத்துடும்," என்றாள் கிளினிக் நர்ஸ்.

கேமராவுக்கு அந்தப் பொறுமை ஏது? செவ்வாய்தோறும் ரத்தம் துளிர்க்கும்வரை ஓட்டினாள் பவதாரணி. திங்களுக்குள் சிவப்பு அடங்கிவிடும், எரிச்சல்தான் அடங்காது. மூன்று வயது மகள் ஆதிரை முத்தம் கொடுக்க ஓடிவரும்போதெல்லாம், "தொடாத கண்ணு, அம்மாக்கு வலிக்கும்," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான்காம் மாதம் கன்னம் திட்டுத்திட்டாகக் கருத்தது. கதவு திறக்கவில்லை.

வேலை போனபின் ரோலரைத் தொட அவளுக்குக் காரணமில்லை. நர்ஸ் சொன்ன ஆறு வாரம் தானாகவே கழிந்தது. ஒரு காலையில் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள், துளி வலியில்லை. மகளை அழைத்து, குனிந்து கன்னத்தைக் காட்டினாள்.

"இப்பக் குடுடி தங்கம். அம்மாக்கு வலிக்கவே வலிக்காது."

ஆதிரை இரண்டடி பின்னால் போனது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்றபடியே காற்றில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டது.