மீசை

சரண் எத்தனை முறை தட்டினாலும் அந்தப் பண்ணை விளையாட்டு திறக்கவில்லை. "உங்கள் கணக்கில் வேறொரு கணினியில் விளையாட்டு நடக்கிறது" என்றே திரையில் வந்தது. கணக்கு அவனுக்கும் அக்கா விசாலிக்கும் பொதுவானது. ஒரே விளையாட்டை இரண்டு தடவை வாங்குவது மலேசியாவின் சிகாமட் ஊரில் அவர்கள் வீட்டு வழக்கமில்லை. அக்கா ஆடினால் தம்பி காத்திருப்பான். அவளோ விளையாட்டில் தம்பியின் பொம்மையான விவசாயிக்கு மீசையை மழித்துவிட்டுத்தான் இடத்தை விடுவாள்.

அக்காவின் கணினி வெள்ளத்தில் ஊறிக் குப்பை லாரியில் போனது. அக்கா போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அவனுடைய கல்லூரித் தோழி யோகேஸ்வரி கைப்பேசியில் வழிசொன்னாள். சரண் கணினியை அணைத்துப் போட்டான்; விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றினான். அதே செய்திதான்.

"அலமாக், எவனோ திருடிட்டான் லா! கீழ 'வெளியேற்று'ன்னு இருக்கும், அமுக்கு. இல்லன்னா அக்காவோட பண்ணைய வித்துடுவான்."

சரண் குனிந்து பார்த்தான். அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில், "இப்போது: மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்" என்று சின்ன எழுத்தில் இருந்தது.

"திருடன் தண்ணி ஊத்துவானா?" என்றான்.

"அமுக்குடா, லூசு!"

அவன் அமுக்கவில்லை. சமையலறைக்குப் போய் மைலோ கலக்கி, மெதுவாகக் குடித்துவிட்டு வந்தான்.

இப்போது ஒரே தட்டலில் விளையாட்டு திறந்தது. மிளகாய்ச் செடிகள் நனைந்திருந்தன. வாசலில் அவனுடைய விவசாயி மீசையில்லாமல் நின்றான்.

சரண் புது மீசை ஒட்டினான். அடுத்த முறை அக்கா மழிக்க வேண்டுமே என்று, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து ஒட்டினான்.